வைர மோதிரத்துக்கு எத்தனை மாதச் சம்பளம்?

கேள்வி: எனக்கு வயது 29. இன்னும் ஆறு மாதத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். என் வருங்கால மனைவிக்கு ஒரு கேரட் வைர மோதிரம் அணிவிக்க வேண்டும் என்பது என் ஆசை. நகைக்கடையில் பார்த்து வைத்திருக்கும் மோதிரத்தின் விலை என் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமம். மூன்று மாதச் சம்பளம் என்பதுதான் வழக்கமான கணக்கு என்று விற்பனையாளரும் சொன்னார். என் சேமிப்பு மொத்தமே நான்கு மாதச் சம்பளம்தான். அதில் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை மாதம் 2 சதவீத வட்டியில் 36 தவணைகளாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். கல்விக் கடனும் பாக்கி இருக்கிறது. அதன் தவணைகள் போக மாதச் சம்பளத்தில் 15 சதவீதம் மிச்சப்படுத்துகிறேன். மோதிரத்துக்கு முன்பணமாக ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டேன். வைரம் ஒரு முதலீடும்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சுரங்கத்திலிருந்து எடுக்காமல் ஆய்வகத்தில் உருவாக்கும் ‘ஆய்வக வைரம்’ வாங்கினால் அவரை ஏமாற்றியது போல ஆகுமா? நான் செய்யப்போவது சரியா?

பதில்: உங்கள் கடிதத்தில் தெரியும் அன்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் திட்டத்தில் இந்த மோதிரத்தை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும், அதே ஆசையைக் கடனில்லாமல் நிறைவேற்றிக்கொள்ளும் வழியையும் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘மூன்று மாதச் சம்பளம்’ என்ற கணக்கைப் பார்ப்போம். அதை எந்த நிதி ஆலோசகரும் வகுக்கவில்லை. அது வைரம் விற்பவர்களின் விளம்பரத்தில் பிறந்தது. 1938-இல் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனம் அமெரிக்காவில் வைர விற்பனையைப் பெருக்குவதற்காக என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற பொருள் தரும் புகழ்பெற்ற வாசகத்தை அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரட்டி 1947-இல் எழுதினார். பின்னர் 1980-களில் அமெரிக்க விளம்பரங்கள் இரண்டு மாதச் சம்பளத்தைப் பரிந்துரைத்தன. ஜப்பானியருக்கு அதுவே மூன்று மாதமாகச் சொல்லப்பட்டது. ஒரே கல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு அளவுகோல் சொல்லப்பட்டதிலிருந்தே, அந்த எண் வாங்குபவரின் நிலைமையைப் பார்த்து வந்ததல்ல என்பது புரியும். உங்கள் வாடகை, கடன், சேமிப்பு எதுவும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது தவணை. இரண்டு மாதச் சம்பளத்தை மாதம் 2 சதவீத வட்டியில், குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் 36 மாதங்கள் கட்டினால், நீங்கள் திருப்பிச் செலுத்தும் தொகை ஏறத்தாழ 2.82 மாதச் சம்பளமாக இருக்கும். அதாவது வட்டி மட்டுமே ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ஒவ்வொரு தவணையும் உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட 8 சதவீதம் என்பதால், இப்போது நீங்கள் மிச்சப்படுத்துவதில் பாதிக்கு மேல் மூன்று ஆண்டுகள் மோதிரத்துக்கே போய்விடும். இதுகூட நல்ல பக்கம்தான். அந்த 2 சதவீதம் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை கணக்கிடப்படுவதாக இருந்தால் வட்டி 72 சதவீதம் ஆகும். இரண்டு மாதச் சம்பளத்துக்கு 3.44 மாதச் சம்பளம் கட்டுவீர்கள். ஆகவே தவணை ஒப்பந்தம் எதுவானாலும் வட்டி விகிதத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், 36 தவணைகளின் கூட்டுத்தொகை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்று அழைத்தாலும் அதே மோதிரத்துக்கு மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

முதலீடு என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். தங்கத்துக்கு எடைக்கு இவ்வளவு என்று அன்றாடம் ஒரு விலை உண்டு. வைரத்துக்கு அப்படிக் கிடையாது, ஏனெனில் ஒரு கல் போல இன்னொரு கல் இருப்பதில்லை. கடை விலையில் வடிவமைப்பு, விளம்பரம், கடையின் லாபம், வரி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. திரும்ப விற்கும்போது வாங்குபவர் மொத்த விலைக்கும் கீழேதான் கேட்பார். கொடுத்ததில் பாதி திரும்பக் கிடைத்தால் அதையே நல்ல விலை என்று சொல்ல வேண்டிய நிலைதான் பெரும்பாலும் இருக்கிறது. மோதிரம் அன்பின் அடையாளமாக விரலில் இருக்கட்டும். உங்கள் சொத்துக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு செலவிடலாம்? உங்கள் நான்கு மாதச் சேமிப்பில் மூன்று மாதச் சம்பளத்தை அவசரகாலத்துக்காகத் தொடாமல் வையுங்கள். கல்விக் கடன் இருக்கும் ஒருவர், வேலைக்கு ஏதாவது நேர்ந்தால் தவணை தவறாமல் இருக்க அது மிகக் குறைந்த பாதுகாப்பு. மீதமுள்ள ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் திருமணச் செலவுக்கும் புதுக்குடித்தனத்துக்கும் ஒதுக்கினால், கட்டிய முன்பணம் உட்பட மோதிரத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்கும். வரும் ஆறு மாதங்களில் நீங்கள் மிச்சப்படுத்தப்போவது 0.9 மாதச் சம்பளம்; அதில் பாதியைச் சேர்த்தால் மொத்தம் 0.95, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். இதுவே உங்கள் உச்சவரம்பு. மற்றவர்களுக்கு இது விதியாகாது. இன்னொருவருடைய வரவு செலவில் இதே கணக்கு ஒரு வாரச் சம்பளத்தில் வந்து நிற்கலாம். வரி, அளவு மாற்றும் கூலி, காப்பீட்டுக் கட்டணம் ஆகிய எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கடைக்குப் போகும் முன் இந்தத் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் அதற்கும் சற்றுக் குறைவாகச் சொல்லுங்கள்.

இந்தத் தொகைக்குள் அழகான மோதிரம் வாங்க முடியுமா என்றால், முடியும். வைரத்தின் விலையைத் தீர்மானிப்பவை எடை, பட்டை தீட்டிய தரம், நிறம், தூய்மை ஆகிய நான்கும்தான். இவற்றில் சில கண்ணுக்குத் தெரியும், சில சான்றிதழில் மட்டுமே தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்குப் பணம் கொடுங்கள்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் மனம் ஒரு கேரட் என்ற சொல்லில் நிலைத்திருக்கிறது. ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதை நூறாகப் பிரித்து சென்ட் என்று சொல்வார்கள். 50 சென்ட், 1 கேரட், 1.5 கேரட், 2 கேரட் ஆகிய எண்களைத் தொடும் இடங்களில் விலை திடீரென்று ஏறுகிறது, ஏனெனில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். நன்றாகத் தீட்டிய ஒரு கேரட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர், 90 சென்ட் கல்லுக்கு அது சுமார் 6.2. இந்த 0.3 மில்லிமீட்டரை விரலில் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் விலையில் அது நன்றாகத் தெரியும். இன்னொரு கணக்கும் உண்டு. எடை இரண்டு மடங்கானால் குறுக்களவு இரண்டு மடங்காவதில்லை, சுமார் 26 சதவீதம்தான் கூடுகிறது. 50 சென்ட் கல் 5.1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். எடை கூடக்கூட ஒரு கேரட்டுக்கான விலையும் ஏறுவதால், அந்தக் கூடுதல் அகலத்துக்காக நீங்கள் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் பட்டை தீட்டிய தரம். வைரம் ஒளிர்வதற்குக் காரணம் உள்ளே புகும் ஒளி பட்டைகளில் பட்டுத் திரும்பி மேல்முகம் வழியாகவே வெளியேறுவதுதான். மிக ஆழமாகவோ மிகத் தட்டையாகவோ தீட்டிய கல்லில் அந்த ஒளி அடியிலும் பக்கங்களிலும் கசிந்துவிடும். கல் மங்கலாகத் தெரியும். ஆழமான கல்லில் எடையின் ஒரு பகுதி அடியில் ஒளிந்திருப்பதால், கேரட்டுக்குப் பணம் கொடுத்தும் சிறிய கல்லின் தோற்றமே கிடைக்கும். எனவே சான்றிதழில் எடையை மட்டும் பார்க்காமல் மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள். வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றளிக்கும் ஜிஐஏ நிறுவனம் வட்ட வைரங்களுக்கு 2006 முதல் தீட்டல் தரத்தையும் குறிப்பிடுகிறது. அதில் ‘எக்ஸலன்ட்’ என்ற உயர்ந்த தரத்தைத் தேடுங்கள். நீள்வட்டம், துளி வடிவம் போன்றவற்றில் தீட்டாத மூலக்கல் குறைவாக வீணாவதால் கேரட்டுக்கு விலை பெரும்பாலும் குறைவு. விரலில் சற்றுப் பெரிதாகவும் தெரியும்.

நிறத்துக்கு டி முதல் இசட் வரை தரவரிசை உண்டு. டி, இ, எஃப் ஆகியவை நிறமே இல்லாதவை. அவற்றுக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ ஜி அல்லது எச் போதும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஜே நிறமும் வெண்மையாகவே தெரியும். தூய்மையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஆடியில்தான் சோதிக்கிறார்கள். வெறும் கண்ணுக்குக் குறை தெரியாத கல் விஎஸ்2 (மிகச் சிறிய உட்குறைகள்) தரத்திலும், தேடிப் பார்த்தால் அதற்கு அடுத்த கீழ்ப்படியான எஸ்ஐ1 (சிறிய உட்குறைகள்) தரத்திலும் கிடைக்கும். அதற்கு மேலே போகத் தேவையில்லை. படிக்கட்டு போல அடுக்கடுக்காகப் பட்டை தீட்டிய சதுர, செவ்வக வடிவங்களில் மட்டும் உள்ளிருக்கும் புள்ளிகள் எளிதில் தெரியும் என்பதால் ஒரு படி உயர்த்திப் பாருங்கள்.

சான்றிதழை வழங்கிய ஆய்வகம் எது என்பது முக்கியம். கண்டிப்பு குறைந்த ஆய்வகம் ஒரே கல்லுக்கு ஒன்றிரண்டு படி உயர்ந்த தரம் எழுதிவிடக்கூடும். அப்போது மலிவாகத் தெரிந்தது உண்மையில் மலிவு அல்ல. விலையை ஒப்பிடும்போது ஒரே ஆய்வகத்தின் சான்றிதழ் பெற்ற கற்களையே ஒப்பிடுங்கள். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் சரிபார்த்து, கல்லின் விளிம்பில் அந்த எண் லேசரில் பொறிக்கப்பட்டிருந்தால் ஆடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரிசலை நிரப்பிய கல்லா, வேறு ஏதேனும் செயற்கை மேம்பாடு செய்ததா என்பதும் ரசீதில் எழுதப்பட வேண்டும். இப்படிச் சரிபார்க்க முடியுமானால் ஒருவர் அணிந்து விற்ற மோதிரத்தையும் நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மறுவிற்பனையின் இழப்பை முதல் உரிமையாளர் ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இனி ஆய்வக வைரம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954-இல் வைரத்தைச் செயற்கையாக உருவாக்கியது. நகைக்கு ஏற்ற பெரிய கற்கள் பரவலாகக் கிடைப்பது அண்மைக் காலத்தில்தான். இதுவும் கரிமத்தால் ஆன வைரமே. கடினத்தன்மையும் ஒளிர்வும் ஒன்றுதான், வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. அமெரிக்க வணிக ஆணையமும் 2018-இல் வைரத்துக்கான தன் வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லை நீக்கியது. அதே தோற்றமுள்ள சுரங்க வைரத்தைவிட விலை மிகக் குறைவு. ஆனால் உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை தொடர்ந்து இறங்கிவந்திருக்கிறது. மறுவிற்பனையில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது என்று நினைத்தே வாங்குங்கள். கடன் வாங்கிச் சுரங்க வைரம் அணிவிப்பதற்குப் பதிலாகக் கையிலுள்ள பணத்தில் ஆய்வக வைரம் அணிவிப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டு வாங்கினால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மறைத்து வாங்கினால்தான் இருக்கிறது. மொய்சனைட் என்பது வைரம் அல்ல, சிலிக்கான் கார்பைடு, வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 9.25 என்பதால் அன்றாடம் அணியத் தாங்கும், விலை இன்னும் குறைவு. அவருக்கு நீலக்கல் பிடிக்குமானால் அதுவும் 9 என்ற கடினத்தன்மை கொண்ட நல்ல தேர்வு.

இதையெல்லாம் அவரிடம் பேசாமல் எப்படி முடிவு செய்வீர்கள்? ஒரு கேரட் என்பது உங்கள் ஆசை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய ஆசை என்ன என்பது கடிதத்தில் இல்லை. ஒருவேளை அவர் மெல்லிய, சிறிய மோதிரத்தை விரும்பலாம். மூன்று ஆண்டுத் தவணையைத் திருமணத்துக்குப் பிறகு அவரும் சேர்ந்துதான் சுமப்பார் என்பதால், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. மோதிரத்தின் வடிவத்தை வேண்டுமானால் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். செலவை ரகசியமாக வைக்காதீர்கள்.

கடைசியாக, கட்டிய முன்பணம். ரசீதை எடுத்து, பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு நகைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று பாருங்கள். மாற்றிக்கொள்ளலாம் என்றால் மேலே சொன்ன அளவுகளில் அதே கடையில் வேறு மோதிரம் கேளுங்கள். எதற்குமே வழியில்லை என்றாலும், நீங்கள் இழப்பது 0.2 மாதச் சம்பளம். தொடர்ந்து வாங்கினால் வட்டியாகக் கொடுக்கப்போவது குறைந்தபட்சம் 0.82. அப்படி இழக்க நேர்ந்தால் மோதிரத்துக்கான வரம்பு 0.75 மாதச் சம்பளமாகக் குறையும். நன்றாகத் தீட்டிய 50 சென்ட் கல்லையோ ஆய்வக வைரத்தையோ தேடத் தொடங்க உங்களுக்கு இன்னும் ஆறு மாத அவகாசம் இருக்கிறது.