சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது: இன்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. ஒரிஜினல் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சமீபத்தில் எலக்ட்ரிக் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று தனியாக வாங்கிப் பொருத்தினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் (சதுர அங்குலத்துக்கு) 55 பவுண்டு காட்டுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 8. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது 35. சத்தம் எதுவும் இல்லை. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே எண்கள் வர வேறு காரணங்களும் உண்டு. அவற்றையெல்லாம் இன்ஜினை இறக்காமலே பார்த்துவிடலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை இன்ஜின். நல்ல நிலையில் இருந்தால், சூடான பிறகும் ஓட்டத்தில் 50 பவுண்டு, ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 15 பவுண்டு வாக்கில் நிற்கும். வயதான இன்ஜினில் ஸ்லோவில் 10 நின்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். கார்புரேட்டரில் ஸ்லோவைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தாலே இரண்டு மூன்று பவுண்டு இறங்கிவிடும். எனக்கு உறுத்துவது அந்த 8 அல்ல, 35தான்.

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். எலக்ட்ரிக் மீட்டருக்கும் அதன் சென்சாருக்கும் ஜோடி பொருந்த வேண்டும். 10 முதல் 180 ஓம் வரை போகிற சென்சார் ஒரு வகை. 240-இலிருந்து 33 ஓமுக்கு இறங்குகிற சென்சார் இன்னொரு வகை. மாற்றிப் போட்டால் முள் ஏதோ ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காமல் ரீடிங் தப்பலாம். எனவே சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஹோஸ் வைத்த மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, வண்டியை நன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் இன்ஜின் மரைக்கும் இன்று கடையில் கிடைக்கும் பல கேஜ்களின் அமெரிக்க மரைக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு சுற்றுக்கு மேல் கையால் போகவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு அழுத்தாதீர்கள். பிளாக்கில் மரை போனால் அது தனி வேலை.

அதிலும் இதே எண்கள் வந்தால் அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஊற்றாமலே லெவல் ஏறியிருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம். வண்டியில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் சூட்டில் நீராகிவிடும். அந்தக் கோளாறை முதலில் சரிசெய்துவிட்டு, புது ஃபில்டரோடு 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். சூட்டில் இது 20டபிள்யூ-40-ஐவிடக் கெட்டியாக நிற்கும். பிரஷரை ஏற்றுவதாகச் சொல்லி விற்கிற டப்பா மருந்துகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அவை நோயை மறைக்கும். ரேடியேட்டர் அடைத்து வண்டி அதிகச் சூட்டில் ஓடினாலும் இதே கதைதான்.

மூன்றாவது ரிலீஃப் வால்வு, அதாவது பிரஷர் அளவுக்கு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடும் வால்வு. பிளாக்கின் இடது பக்கம் பின்புறத்தில், குவிந்த தலையுள்ள ஆறுமுனை நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும். நட்டைக் கழற்றும்போது வாஷர்களைத் தொலைத்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும். பிளஞ்சர் உட்காரும் முகத்தில் கோடோ குழியோ இருக்கிறதா, சிறு தூசு சிக்கியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பிரிங் வெளியே எடுத்தால் சுமார் 3 அங்குல நீளம் இருக்க வேண்டும். சிலர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் கூடுதல் வாஷர் போட்டு மீட்டரை ஏற்றிக் காட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். ஸ்லோவில் நல்ல வால்வு மூடியேதான் இருக்கும், ஸ்பிரிங்கை இறுக்கி அங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. உச்ச பிரஷர் மட்டும் கூடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்ப்புக்கும் பேரிங்குக்கும் வர வேண்டும். பம்ப் ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்கிறது. அந்த ஆயில் பேரிங்கின் இடுக்கில் நெருக்கிக்கொண்டு போவதால்தான் பிரஷர் உருவாகிறது. தோட்டத்து ஹோஸ் முனையில் விரலை வைத்து அழுத்துவது மாதிரி. அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். குளிரில் ஆயில் கெட்டி என்பதால் தாக்குப்பிடிக்கும், சூட்டில் விட்டுவிடும். காலையில் 55 வருகிறது என்பதால் பம்ப் முழுக்கச் செத்துவிடவில்லை என்றும் தெரிகிறது. சேம்பருக்குள் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஸ்டிரெய்னர் என்ற வடிகட்டி அடைத்திருந்தால் வேகம் கூடக்கூட முள் இறங்கும். காற்று இழுத்தால் முள் நடுங்கும். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை.

சேம்பரை இறக்க நேர்ந்தால் மூடியைப் பிரித்து, கனெக்டிங் ராடு கிராங்க்கில் சேரும் பிக் எண்ட் பேரிங்குகளையும், கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளையும் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அவற்றின் காலம் முடிந்தது. ஜர்னலை (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) மைக்ரோமீட்டரில் அளந்து, முட்டைவடிவத் தேய்மானம் இல்லாவிட்டால் புது பேரிங் மட்டும் போதும். இருந்தால் ஜர்னலைக் கிரைண்டிங் செய்து, குறைந்த அளவுக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். பம்ப்பையும் அப்போதே பிரித்து, ரோட்டர் முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 6 தவுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) மேல் போனால் மாற்றுங்கள். கிரைண்டிங் என்று பேச்சு வந்தால், அளந்த எண்களை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.

அதுவரை ஓட்டலாமா? சத்தம் இல்லாதவரை, நெடுஞ்சாலையில் விரட்டாமல் ஓட்டலாம். சூட்டில் 60 கி.மீ. வேகத்தில் 25-க்குக் கீழே வந்தாலோ, ஏற்றத்தில் அடியிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம் கேட்டாலோ, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள்.