காகித உருவங்கள் மின்னாமல், துள்ளாமல், வாயசைவு பிசகாமல் நடக்க

கேள்வி: மூன்று நிமிடக் கதை ஒன்றை, அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்தி நகர்த்திப் போனில் படம் எடுத்து அனிமேஷன் குறும்படமாக்கப் பார்க்கிறோம். வீட்டில் இரண்டு பேர், சனி ஞாயிறு மட்டும்தான் நேரம். 20 விநாடிக்குச் சோதனை எடுத்தோம். வெளிச்சம் மின்னி மின்னி வருகிறது, உருவங்கள் துள்ளுகின்றன, வசனம் வாயோடு சேரவில்லை. எங்கே தவறு? இதை முடிக்க முடியுமா?

பதில்: முடிக்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். ஆனால் மூன்றுமே முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே உண்டாகிவிடுபவை. எடுத்து முடித்த பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், வார இறுதிகள் எல்லாம் அதிலேயே போய்விடும்.

முதலில் கணக்கு. திரையில் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். அட்டையில் வெட்டிய உருவங்களுக்கு அந்த ஓட்டம் நன்றாகவே பொருந்தும். மூன்று நிமிடம் என்றால் 2160 படம். பழகிய இரண்டு பேர், ஒருவர் நகர்த்த மற்றவர் எடுக்க, மணிக்கு 60 படம் எடுத்தால் நல்ல வேகம். அப்படியானால் எடுப்பதற்கு மட்டும் 36 மணி நேரம். கதையை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்க முடிந்தால் 1440 படம், 24 மணி நேரம். சுருக்குங்கள். ஷாட் ஷாட்டாக வரைந்த ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, தற்காலிகக் குரலைச் சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். அந்த அனிமேட்டிக்கில் எந்த ஷாட் இல்லாமலும் கதை புரிகிறதோ, அதை எடுக்கவே வேண்டாம்.

வெளிச்சம் ஏன் மின்னுகிறது

போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் தானே புதிதாக முடிவு செய்கிறது. கறுப்புச் சட்டை போட்ட உருவம் நடுவுக்கு வந்ததும் பின்னணி வெளுத்துப் போவது அதனால்தான். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலியில் ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் நான்கையும் லாக் செய்யுங்கள். ஐஎஸ்ஓ மிகக் குறைந்த அளவில், 100 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். பல வெளிச்ச அளவுகளை ஒரே படத்தில் சேர்க்கும் எச்டிஆர், காட்சியைத் தானே கண்டறியும் வசதி, அழகூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புதிய போன்களில் இன்னொரு தொல்லை உண்டு: பொருள் அருகில் வந்தால் கேமரா தானாக மேக்ரோ லென்சுக்குத் தாவிவிடும். கையை நீட்டி விலக்கியதும் படச் சட்டமே மாறியிருந்தால் காரணம் அதுதான். பிரதான லென்சில் நிறுத்துங்கள். படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசேஷனையும் அணைக்க முடிந்தால் அணையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் போனில் அது லென்சைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பின்னணியையே துடிக்க வைக்கும்.

அடுத்தது மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/60 விநாடி என்றிருந்தால் சில படங்களில் பிரகாசமான பகுதி கூடுதலாக விழும், சிலவற்றில் குறைவாக. 1/50, 1/25, 1/10 என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்றுகளே விழும். அசையாத பொருளை எடுப்பதால் 1/10 வைப்பதில் எந்த இழப்பும் இல்லை. ஆனால் போன் திரையைத் தொட்டு எடுக்காதீர்கள். புளூடூத் ரிமோட் அல்லது இயர்போனின் வால்யூம் பொத்தானால் எடுங்கள்.

ஜன்னலைக் கனமான துணியால் முழுக்க மூடுங்கள். ஒரு மேகம் கடந்தாலே அந்த ஷாட் கெட்டுவிடும். ட்யூப்லைட்டை அணைத்து, ஒரே நிறுவனத்தின், ஒரே நிற வெப்பநிலை கொண்ட இரண்டு எல்இடி விளக்குகளை இடமும் வலமும் 45 டிகிரி சரிவில் வையுங்கள். அவற்றைக் கால் மணி நேரம் எரியவிட்டுப் பிறகு தொடங்குங்கள். எல்இடி சூடேறும்போது வெளிச்சம் சற்றே குறைந்து, பிறகுதான் நிலைப்படும். மின்விசிறி ஓடவே கூடாது. காகிதத்தைத் தூக்குவதோடு, விளக்குக்குக் குறுக்கே சுற்றும் இறக்கைகளின் நிழலும் படத்தில் ஏறும். எடுப்பவர் கறுப்புச் சட்டை அணிந்து, ஒவ்வொரு பிரேமுக்கும் அதே இடத்தில் நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டை அருகில் வந்து போனால் அதுவே ஒரு விளக்குபோல வேலை செய்யும்.

ஏற்கனவே எடுத்த ஷாட்டை விட மனமில்லை என்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் டீஃப்ளிக்கர் வடிப்பான் இருக்கிறது. முழுப்படமும் கூடிக் குறைவதை அது ஓரளவு சமன் செய்யும். ஒரு மூலையில் மட்டும் வந்து போகும் நிழலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

உருவம் துள்ளுவது

ஏ3 அகலத்தில், அதாவது 42 செ.மீ. அகலச் சட்டத்தில் எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். 1920 பிக்சல் அகலப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நான்கரை பிக்சல். விரல் சற்றே தவறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே முழு உருவம் 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கட்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை எடுங்கள். சாதாரண சார்ட் ஈரக்காற்றில் சுருண்டுகொள்ளும். கனம் இருந்தால்தான் கைகால்கள் படுத்துக் கிடக்கும். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் வெளிவந்த தன் நிழலுருவ நெடும்படத்துக்கு அட்டையோடு மெல்லிய ஈயத்தகட்டையும் பயன்படுத்தினார். ஈயம் நஞ்சு, நமக்கு வேண்டாம். உடலின் பின்புறம் மட்டும் பயறளவு ப்ளூ டேக் என்ற ஒட்டும் களிம்பை வைத்து அழுத்தினால் போதும்.

மூட்டுகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மேல்கையும் முன்கையும் சேரும் இரு முனைகளையும் ஒரே அளவு வட்டமாக வெட்ட வேண்டும். துளை அந்த வட்டத்தின் சரியான மையத்தில் விழ வேண்டும். மையம் தவறினால், கையை மடக்கும்போது முழங்கையில் ஒரு முனை துருத்திக்கொண்டோ பிளந்தோ தெரியும். ஊசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலைக் கோத்து, பின்புறம் முடிச்சிடுங்கள். கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும். தானாகச் சரிந்தால் முடிச்சு தளர்வு, உடலையும் சேர்த்து இழுத்தால் இறுக்கம். வெட்டிய ஓரத்தின் வெண்மையை அதே நிற மார்க்கரால் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் நகரும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கோடு மினுங்கும்.

பின்னணியைக் கீழே வைத்து, அதற்கு 5 செ.மீ. மேலே, ஓரம் தேய்த்த 5 மி.மீ. கண்ணாடியைச் சம உயரமான தாங்கல்களில் வையுங்கள். உருவங்கள் கண்ணாடியின் மேல். நிழல் விலகி விழும், பின்னணி சற்று மென்மையாகும், உருவம் தனித்து நிற்கும். போனின் பிம்பம் கண்ணாடியில் தெரியாமலிருக்க, லென்சுக்கு மட்டும் துளையிட்ட கறுப்பு அட்டையைப் போனுக்கு அடியில் மாட்டுங்கள்.

மூட்டும் வெளிச்சமும் சரியாக இருந்தும் உருவம் வெடுக்கென்று நகர்ந்தால், சிக்கல் இடைவெளியில். கையை ஒரு விநாடியில் 120 மி.மீ. நகர்த்த வேண்டும் என்றால் பத்துப் பத்தாக நகர்த்துபவர்கள்தான் அதிகம். அது இயந்திரம் போலத் தொடங்கி, முட்டிக்கொண்டது போல நிற்கும். 2, 4, 7, 11, 15, 18, 18, 16, 12, 9, 5, 3 என்று நகர்த்திப் பாருங்கள். மொத்தம் அதே 120தான், ஆனால் கைக்கு எடை வந்துவிடும். நகர்வு முடிந்ததும் குறைந்தது 6 பிரேம் நிறுத்துங்கள். பார்ப்பவருக்கு அது புரிய நேரம் வேண்டும். நடைக்கு ஒரு அடிக்கு 6 படம், இரண்டு அடிக்கு ஒரு விநாடி. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னை எப்போதும் போட்டு வையுங்கள்.

வாயும் வசனமும்

குரலை முதலில் பதிவு செய்யாமல் படம் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரிசை அதற்கு நேர்மாறு. துணி நிறைந்த அலமாரிக்கு எதிரே, மின்விசிறி இல்லாமல், 48 கிலோஹெர்ட்ஸில் வசனத்தைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் நேர அளவை விநாடிக்கு 24 ஃபிலிம் பிரேம் என்று மாற்றி, ஒவ்வொரு ஒலியும் தொடங்கும் பிரேம் எண்ணைக் குறித்து, இரண்டால் வகுத்தால் உங்கள் படத்தின் எண் வந்துவிடும். இதை ஒரு தாளில், ஒரு வரிக்கு ஒரு படம் என்று எழுதுங்கள். ஒலி, வாய், தலை, கை என நான்கு பத்தி. இந்த எக்ஸ்போஷர் ஷீட் கையில் இருந்தால் நகர்த்துபவர் யோசிக்க வேண்டியதே இல்லை.

தமிழுக்கு ஏழு வாய் போதும்: மூடியது (ம, ப), அகலத் திறந்தது (ஆ), பக்கவாட்டில் இழுத்தது (இ, ஏ), சிறு குவிப்பு (உ), பெரிய குவிப்பு (ஓ), கீழுதடு மேற்பல்லைத் தொடுவது (வ), நாக்கு தெரிவது (ல, த, ந). க, ட, ண, ர எல்லாம் வாய்க்குள்ளேயே பிறப்பவை; அவற்றுக்குத் தனி வாய் வெட்டாதீர்கள், பக்கத்து உயிரொலியின் வாயே போதும். விட்டுவிடக் கூடாதது உதடு மூடும் ஒலிகள். ‘அம்மா’, ‘அப்பா’ இரண்டிலும் ஒற்று இரட்டிப்பதால் உதடு நன்றாக மூடி நிற்கிறது. அரை விநாடியில் சொன்ன ‘அம்மா’வுக்கு அ இரண்டு படம், மூடிய வாய் இரண்டு படம், ஆ இரண்டு படம். மூடிய அந்த இரண்டில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று: எழுத்தைப் பார்த்து வாய் வைக்காதீர்கள், பதிவைக் கேட்டு வையுங்கள். ‘பணம்’, ‘மரம்’ என்று எழுதினாலும் பேச்சில் கடைசி ‘ம்’ மூக்கோடு போய்விடுகிறது, உதடு மூடுவதில்லை. அங்கே மூடிய வாயை வைத்தால் உருவம் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். வாயை ஒலிக்கு ஒரு படம் முன்னதாகவே வைப்பது நல்லது. பிந்தினால் கண் உடனே பிடித்துவிடும். சற்றே முந்தினால் பொறுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு சேரவில்லை என்றால், எப்படிச் சேரவில்லை என்று பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், வேகக் கணக்கில் தவறு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் படவரிசையை இழுத்துப் போடும்போது அது விநாடிக்கு 24 என்று எடுத்துக்கொண்டிருந்தால் எல்லாம் இரட்டை வேகத்தில் ஓடும். அந்த கிளிப்பின் பண்புகளில் 12 என்று மாற்றுங்கள். டைம்லைன் 24இலேயே இருக்கட்டும். அதை முதலிலேயே வையுங்கள், வேலை தொடங்கிய பிறகு ரிசால்வ் மாற்ற விடாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால், ஒலியைச் சில பிரேம் நகர்த்தினால் தீர்ந்தது. அங்கங்கே மட்டும் பிசகினால், வாய் வைத்ததில்தான் தவறு. ஷீட்டை எடுத்துப் பாருங்கள்.

தலைப்பையும் பெயர்களையும் எடிட்டிங் மென்பொருளில் தட்டச்சாதீர்கள். சிலவற்றில் ‘கொ’, ‘தெ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவரலாம். அதைவிட, அட்டையிலேயே எழுத்துகளை வெட்டி அதே கண்ணாடியில் வைத்து எடுங்கள். படத்தின் கையெழுத்து அதிலும் இருக்கும்.

திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் படத்தை முதலில் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்; புதுப் படம்தான் வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு, ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆங்கில சப்டைட்டில் தனிக் கோப்பாக இருக்கட்டும். தியேட்டரில் திரையிட டிசிபி என்ற டிஜிட்டல் திரையிடல் கோப்பைக் கேட்டால், டிசிபி-ஓ-மேடிக் என்ற இலவச மென்பொருள் வீட்டிலேயே செய்து தரும். சினிமாப் பாடலின் ஒரு வரியைக்கூடப் பின்னணியில் விடாதீர்கள். தெரிந்தவர் இசையமைத்துக் கொடுத்தாலும், இந்தப் படத்துக்கு, எல்லா ஊடகத்திலும், காலவரையின்றிப் பயன்படுத்த அனுமதி என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.