பேராசிரியரின் சொற்பொழிவுக் கட்டணம்: கட்டுரையில் சொல்ல வேண்டுமா?

உங்கள் பேராசிரியர் ஒரு மருந்து நிறுவனத்திடம் சொற்பொழிவுக்குக் கட்டணம் வாங்கியிருக்கிறார்; நீங்கள் அவரோடு எழுதிய கட்டுரையிலோ ‘நலமுரண் (முடிவைச் சாய்க்கக்கூடிய பணத் தொடர்பு போன்றவை) இல்லை’ என்று இருக்கிறது. கட்டணத்தைச் சொல்ல வேண்டுமா என்றால், ஆமாம், சொல்லியே ஆக வேண்டும். அந்த நிறுவனம் அவருக்குத் தந்த கட்டணம் இந்த ஆய்வுக்கானது இல்லைதான். ஆனாலும் ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு) படிவம் கடந்த 36 மாதத் தொடர்புகளைத் தனியாகவே கேட்கிறது. இந்த ஆய்வுக்கே கிடைத்த உதவி என்றால் கால வரம்பே கிடையாது.

‘ஆய்வுக்கு வெளிநிதி இல்லை’ என்பதையே ‘நலமுரண் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு டிக் அடித்திருப்பார்கள். அடிக்கடி நடப்பது இதுதான்.

அவருடைய அதே காலத்துக் கட்டுரைகள் சிலவற்றின் கடைசியில் உள்ள நலமுரண் அறிவிப்பை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒன்றில் நிறுவனத்தின் பெயர் இருந்து உங்களுடையதில் இல்லையென்றால், இரண்டின் பிரதியையும் தேதியோடு சேமியுங்கள். முதலில் அவரிடமே மின்னஞ்சலில் கேளுங்கள். பழிவாங்கலுக்குப் பயமிருந்தால் நேரே பல்கலைக்கழக ஆய்வு நேர்மை அலுவலரிடம் போங்கள். வெளியான கட்டுரைக்கும் இதழ் திருத்தம் போடும்.

இதை மட்டும் வைத்துத் தரவு மோசடி என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு குற்றச்சாட்டு, அதற்கு மூலத் தரவு வேண்டும்.