மாலில் கடை வாங்கலாமா? வணிக வளாகங்கள் பற்றிய கேள்வி பதில்

வணிக வளாகங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். மால்கள் எப்படி உருவாகின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் வந்த வரிசையிலேயே தருகிறேன்.

திருச்சி: மால் கட்டும்போது முதலில் முடிவாவது எது? முகப்பா, கடைகளின் அளவா?

இரண்டுமில்லை, தூண்களுக்கு இடையிலுள்ள தூரம். அதைத் தீர்மானிப்பது கீழே நிற்கப்போகும் கார்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். மூன்று கார்களுக்கு ஏழரை மீட்டர். தூணின் தடிமனையும் சேர்த்தால் எட்டு, எட்டரை மீட்டர் வரும். அதே தூண்கள்தான் மேலே போய்க் கடைகளின் அகலத்தையும் நிர்ணயிக்கின்றன. நீங்கள் புடவை பார்க்கும் கடையின் அகலத்துக்கும் அடித்தளத்து கார் நிறுத்தத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

அடுத்தது மக்களை நடக்க வைக்கும் வேலை. தரைத்தளம் தானாக நிரம்பும், மேல்தளம் நிரம்பாது. அதனால்தான் திரையரங்கும் உணவுக்கூடமும் உச்சியில் இருக்கின்றன. பெரிய கடைகளை ஆளுக்கொரு மூலையில் வைத்து, நடுவழியில் சிறிய கடைகளை நிரப்புவார்கள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகிறவர் அத்தனை சிறிய கடைகளையும் கடந்துதான் போக வேண்டும்.

மதுரை: புதிதாகக் கட்டும் மாலில் 300 சதுர அடிக் கடை விற்கிறார்கள். ஒன்பது வருடம் நிச்சய வாடகை தருவதாகச் சொல்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தைப் போடலாமா?

வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

மால் என்பது கடைகளின் கூட்டம் அல்ல. எந்தத் தளத்தில் எந்தக் கடை, எது எதற்குப் பக்கத்தில், எதை எப்போது மாற்றுவது என்று ஒரே கை தீர்மானிக்கும் வரைதான் அது மாலாக இருக்கும். கடைகளைத் துண்டு துண்டாக விற்ற அன்றைக்கே அந்தக் கை போய்விடுகிறது. செருப்புக் கடைக்காரர் தன் கடையைக் கிடங்காக மாற்றுவார், பக்கத்துக் கடைக்காரர் பூட்டிவிட்டு வெளிநாடு போவார். ஒருவரையும் கேட்க முடியாது.

சென்னையில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஸ்பென்சர் பிளாசா. அண்ணாசாலையில் 1895-ல் எழுந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-ல் தீயில் அழிந்தது. அதே இடத்தில் 1991-ல் புதிய வளாகத்தின் முதல் கட்டம் வந்தது. பிறகு மேலும் இரண்டு கட்டங்கள். நகரத்துக்கே பெருமையாக இருந்த இடம் அது. கடைகளுக்குப் பல உரிமையாளர்கள் இருந்ததால், காலம் மாறியபோது வளாகம் முழுவதையும் சேர்த்துப் புதுப்பிப்பது கடினமாகிவிட்டது. 2010-ல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013-ல் வந்த வேளச்சேரி பீனிக்ஸும் கடைகளை வாடகைக்குத்தான் விடுகின்றன. வேறுபாட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

நிச்சய வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் அந்தத் தொகையைக் கடையின் விலையிலேயே ஏற்றியிருப்பார்கள். உங்கள் பணமே மாதாமாதம் உங்களுக்குத் திரும்பி வரும்.

கோவை: எவ்வளவு பரப்பு கட்டலாம்? திறந்தவெளி விட வேண்டுமா?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் படியுங்கள். உயரமான கட்டடத்துக்கு, சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் தளப்பரப்புக் குறியீடு 3.25, அதாவது எல்லாத் தளங்களையும் சேர்த்து மனையின் பரப்பைப்போல மூன்றேகால் மடங்கு கட்டலாம். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது.

சேலம்: மாலில் கடை வாங்க வங்கிக் கடன் கிடைக்குமா?

கிடைக்கலாம். மதுரை அன்பருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சென்னை, பழைய வளாகம் ஒன்றில் கடை வைத்திருப்பவர்: நீங்கள் பேசுவது முதலாளிகளின் நியாயம். சொந்தக் கடை இருந்ததால்தான் என் போன்றவர்கள் நகரத்தின் நடுவில் பிழைத்தோம். புதிய மால்களில் எந்தச் சின்ன வியாபாரிக்கு இடம் தருகிறார்கள்?

ஐயா, உங்கள் கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பெரிய கடைகளுக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்புவது நடுவழியில் இருக்கும் சிறிய கடைகள். குறைந்தபட்ச வாடகை, விற்பனையில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம். ஒரு தையல்காரரோ பழைய புத்தகக் கடைக்காரரோ இதைத் தாங்க முடியாது. இது அநீதிதான்.

ஆனால் உங்கள் வளாகத்தின் பின்பக்கப் படிக்கட்டைப் போய்ப் பாருங்கள். இப்படிப்பட்ட வளாகங்கள் பலவற்றில் நான் பார்த்தது இது: தீ விபத்தில் தப்பிக்க வைத்த கதவின் கைப்பிடியில் சணல் கயிறு கட்டியிருக்கும், படிகளில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். யாருடைய பெட்டி என்று கேட்டால் பதில் வராது. 2017-ல் தி. நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. எல்லோருக்கும் சொந்தமான படிக்கட்டைக் காப்பாற்ற ஆளில்லை என்பதுதான் என் அச்சம்.

புரசைவாக்கம்: பழைய வளாகங்களை வீழ்த்தியது புதிய மால்கள்தானே? உரிமைப் பிரச்சினை எங்கே வந்தது?

போட்டி எல்லோருக்கும்தான் வந்தது. போட்டி வந்தபோது குளிர்சாதனத்தையும் விளக்கையும் கடை வரிசையையும் மாற்ற முடிந்தவர்கள் நின்றார்கள். நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டால்தான் நகரும் படிக்கட்டையே மாற்றலாம் என்றால் என்ன செய்வது?

மீண்டும் அதே கடைக்காரர்: அப்படியானால் எங்களுக்கு என்ன வழி? நடைபாதைக்குப் போகச் சொல்கிறீர்களா?

இல்லை. நடைபாதையில் இருந்தவர்களைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தும் பார்த்தாயிற்று. பாண்டி பஜார் வியாபாரிகளை 2013-ல் மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றினார்கள். மேல்தளத்துக்கு ஆள் வருவதில்லை என்ற புகார் எழுந்தது. மேலே இழுக்க எதையும் வைக்காமல் வியாபாரியை மட்டும் மேலே ஏற்றினால் அதுதான் நடக்கும். என் யோசனை, கடை உங்கள் பெயரில் இருக்க வேண்டாம், வளாகத்தில் பங்கு இருக்கட்டும். நிர்வாகம் ஒன்று, பங்குதாரர்கள் பலர். பெரிய மால்களில் இந்த வழி ஏற்கெனவே இருக்கிறது. பல மால்களைக் கையில் வைத்திருக்கும் நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் 2023-ல் பங்குச்சந்தைக்கு வந்தது அப்படித்தான். சிறு வியாபாரிகளின் சங்கம் ஒன்று இதைச் செய்ய முன்வந்தால் வரைபடத்தை நான் கட்டணமின்றிப் போட்டுத் தருகிறேன்.

வேளச்சேரி: சதுப்பு நிலத்துக்கு அருகே மூன்று அடித்தளம் தோண்டுகிறார்கள். கட்டடம் மூழ்காதா?

மிதக்கும் என்பதுதான் முதல் கவலை. நிலத்தடி நீர் அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். மேலே எழும்பும் தளங்களின் எடை அந்த அழுத்தத்தை மிஞ்சும் வரை நீரிறைக்கும் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். வேலை பாதியில் நின்றுபோன அடித்தளங்களுக்கு ஆபத்து இதனால்தான். வெள்ள நீர் கார் இறங்கும் சரிவு வழியாக உள்ளே வருவது அடுத்த கவலை. சரிவு தொடங்கும் இடத்தைச் சாலையைவிட உயர்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தாம்பரம்: மால் திரையரங்கில் பாப்கார்ன் ஏன் இந்த விலை?

என் துறை இல்லை. நுகர்வோர் அமைப்புகளைக் கேளுங்கள்.

திருப்பூர்: ஒரே ஒரு கடைதான், தரைத்தளம், வாசலுக்கு நேர் எதிரே. அதையும் வாங்கக் கூடாதா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வாங்காதீர்கள். வாசலே உங்கள் கையில் இல்லை. நாளைக்கு நுழைவை வேறு பக்கம் மாற்றினால் உங்கள் கடை முட்டுச்சந்தில் நிற்கும். கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முன்பணம் தருவதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தின் நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பொதுவழிகளும் கார் நிறுத்தமும் மொட்டைமாடியும் யார் பெயரில் இருக்கின்றன, மனையில் உங்கள் பங்காக எழுதித் தரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.