டொரண்ட் 99 சதவீதத்தில் நிற்பதை நெட்வொர்க் கோடிங் தீர்க்குமா?

பெரும்பாலும் தீர்க்கும். டொரண்டில் கோப்பு துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வரும்; நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம், மீதியிருக்கும் ஒரு துண்டு ஆன்லைனில் இருக்கும் யாரிடமும் இல்லாததுதான். நெட்வொர்க் கோடிங்கில் ஒவ்வொருவரும் கையிலுள்ள துண்டுகளை ஜிஎஃப்(256) களத்தில் (ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட்டில் அடங்கும் கணித அமைப்பு) தற்செயல் எண்களால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கலவையையே அனுப்புவார்கள். 100 துண்டுக்கு, ஒன்றையொன்று சாராத 100 கலவை வந்தால் போதும். எவை என்பது பொருட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களின் அவலாஞ்ச் என்ற கோப்புப் பகிர்வு அமைப்பு இதைத்தான் செய்தது. ஒவ்வொரு கலவையோடும் போகும் 100 குணகங்களுக்கு (பெருக்கிய அந்த எண்கள்) 100 பைட். 16 கேபி துண்டில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

முழுக் கோப்பையும் ஒரே தொகுதியாகக் கலக்காதீர்கள், கலவைகளிலிருந்து மூலத் துண்டுகளைப் பிரித்தெடுக்கும் காஸியன் நீக்கல் கணக்கு சிபியுவைத் தின்றுவிடும். சிறு தொகுதிகளாகப் பிரியுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு. ஒரே ஒரு கெட்ட கலவை நுழைந்தால், மறுகலப்பில் அது எல்லோருக்கும் பரவும். வழக்கமான ஷா-1 ஹாஷ் (துண்டின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) மூலத் துண்டைத்தான் சரிபார்க்கும், கலவையை அல்ல. அதற்கு, மூலத் துண்டுகளின் ஹாஷ்களிலிருந்தே கலவையின் ஹாஷைக் கணக்கிடவிடும் ஹோமோமார்ஃபிக் ஹாஷ் வேண்டும். அதன் கணக்கீடு கனமானது.