கேள்வி நேரம்: ஸ்பாக், டேட்டா, ஜீனோ

கே: 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் கதாநாயகன், விண்கலத்தின் தலைவரான கேப்டன் கிர்க்தான். ஆனால் பார்த்து முடித்த பின் என் நினைவில் நிற்பவர் ஸ்பாக். உணர்ச்சியே காட்டாத ஒருவர் மீது இவ்வளவு பிரியம் எப்படி வருகிறது?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: அவர் காட்டுவதில்லையே தவிர, உள்ளே எல்லாம் இருக்கிறது என்பதைத் தொடர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தந்தை சாரெக், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தின்படி வாழும் வல்கன் கிரகத்தவர். தாய் அமாண்டா, பூமியைச் சேர்ந்த ஆசிரியை. எங்கள் புதுச்சேரியில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய சொல்தாக்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர், பாரிசில் புதுச்சேரிக்காரராகவும் புதுச்சேரியில் பிரான்சுக்காரராகவும் பார்க்கப்படுவார்கள். விண்கலத்தில் ஸ்பாக்கின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

இந்தக் குணம் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதன்று என்பதுதான் சுவையான செய்தி. தொடருக்காக முதலில் எடுக்கப்பட்ட மாதிரிப் படத்தில் ஸ்பாக் சிரிக்கவே செய்கிறார். உணர்ச்சி காட்டாமல் இயங்குபவர், 'நம்பர் ஒன்' என அழைக்கப்படும் பெண் அதிகாரி. தொடரை ஒளிபரப்பவிருந்த என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்காமல் இன்னொன்று எடுக்கச் சொன்னபோது அந்தப் பெண் பாத்திரம் கைவிடப்பட்டு, அவருடைய நிதானம் ஸ்பாக்குக்கு வந்து சேர்ந்தது. (நல்ல பாத்திரமொன்றை இழந்தோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.) மீதியை நடிகர் லியனார்ட் நிமாய் வளர்த்தெடுத்தார். ஓரிடத்தில் எதிராளியைத் துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடிக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்ததை, ஸ்பாக் போன்றவர் அப்படிச் செய்யமாட்டார் என்று மறுத்து, கழுத்தோரம் விரல்களால் அழுத்தி மயக்கமுறச் செய்யும் முறையை அவரே முன்வைத்தார்.

1966இல் ஒளிபரப்பான 'தி நேக்கட் டைம்' பகுதியை மீண்டும் பாருங்கள். மனக்கட்டுப்பாட்டைக் குலைக்கும் தொற்றுக்கு ஆளான ஸ்பாக், பிறர் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள் புகுந்து அழுகிறார். தாயிடம் தன் அன்பை ஒருபோதும் சொல்ல முடியவில்லை என்று பிறகு கிர்க்கிடம் கூறுகிறார். வாரந்தோறும் அழுகிற பாத்திரமாக இருந்திருந்தால் அந்தக் காட்சியை நாம் மறந்திருப்போம்.

கே: அடுத்து வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இயந்திர மனிதன் டேட்டா, ஸ்பாக்கின் நகல்தான் என்கிறாள் என் மகள். சரியா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: தோற்றத்தில் சரி; இயல்பில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடப்பவர்கள். ஸ்பாக் தன்னிடம் உள்ளதை மறைக்கிறார். டேட்டா தன்னிடம் இல்லாததற்கு ஏங்குகிறார். 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' பகுதியை மகளுடன் அமர்ந்து பாருங்கள். டேட்டாவைப் பிரித்து ஆராய விரும்பும் அறிவியலாளர் ஒருவருக்கு அவர் உடன்பட மறுக்க, அவர் விண்படையின் சொத்தா, தானே முடிவெடுக்கும் உரிமை உள்ளவரா என்பது வழக்காகிறது. அவருக்கு எதிராக வாதாடும் பொறுப்பு நண்பர் ரைக்கரின் மீதே விழுகிறது. வாதத்தின் உச்சத்தில், டேட்டாவின் விசையை அணைத்துக் காட்டுகிறார் ரைக்கர். டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்பதற்குள் நீதிபதி நுழைவதில்லை; அவர் சொத்து அல்லர், தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவர் என்பதோடு தீர்ப்பு நிற்கிறது. எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடாத அந்த அடக்கத்தால்தான், என் கணக்கில் அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதி அது.

கே: எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அங்குள்ளோர் மனிதரைப் போலவே இருப்பது ஏன்?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ப: நடிப்பவர்கள் மனிதர்கள், தயாரிப்பாளரின் பணப்பையும் சிறியது. 1993இல் ஒரு பகுதியில் இதற்கு மரபணுக் காரணம் ஒன்று கற்பித்தார்கள். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

கே: தமிழ்த் தொலைக்காட்சியில் இப்படியொரு பாத்திரம் வரவே வராதா?
- வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

ப: வந்திருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் வளர்ப்புப் பிராணியாக அறிமுகமாகி, போகப் போக மனிதரைக் காட்டிலும் தெளிவாகச் சிந்திக்கத் தொடங்கிவிடும். இன்று அறிவியல் தொடர் என்றதும் கிராபிக்ஸ் செலவைக் காட்டித் தயங்குகிறார்கள். ஸ்பாக்குக்குத் தேவைப்பட்ட அலங்காரம் கூர்மையான காதுகளும் மேல்நோக்கிய புருவங்களும்தான். மற்றதை எழுத்தாளரும் நடிகரும் பார்த்துக்கொண்டார்கள்.