“நன்றாகத்தானே சாப்பிடுகிறது?”

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்பது வயது. வேளை தவறாமல் சாப்பிடுகிறது, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. நோயில்லாத பூனையை எதற்காக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? கூடையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது.
– ஒரு வாசகி

பதில்: சென்ற மாதம் ஒருவர் பத்து வயதுப் பூனையோடு வந்தார். நகம் வெட்டத்தான் வந்திருந்தார். “நன்றாகச் சாப்பிடுகிறது டாக்டர்” என்றார், உங்களைப் போலவே. மேசையில் நிற்கவைத்து முதுகைத் தடவினேன். அடர்ந்த முடிக்குக் கீழே முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. எடை 3.6 கிலோ, முந்தைய ஆண்டுக் குறிப்பில் 4.2. அறுநூறு கிராம்தானே என்று தோன்றும். 70 கிலோ மனிதர் 10 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. நாள்தோறும் மடியில் வைத்துக் கொஞ்சுகிறவருக்கு இது தெரியவில்லையே என்று அவர் கலங்கிப்போனார். அவர்மேல் குற்றமில்லை. கூடவே இருக்கிற கண்ணுக்கு இளைப்பு பிடிபடாது. அதற்குத் தராசும் பழைய குறிப்பும் வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது தெரிந்தது. வயதான பூனைகளிடம் நாங்கள் அடிக்கடி காணும் நோய். பசி கூடும், எடை குறையும். நன்றாகச் சாப்பிட்டதே நோயின் அடையாளமாக இருந்திருக்கிறது! இப்போது மாத்திரை கொடுத்து வருகிறோம்.

சிறுநீரக நோய் இன்னும் கள்ளத்தனமானது. சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) அளவு வரம்பைத் தாண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துவிடும். அதனால்தான் சிறுநீரையும் சோதிக்கிறோம். அப்போதே கண்டுகொண்டால் உணவை மாற்றி, ரத்த அழுத்தத்தைக் கவனித்து, நெடுங்காலம் நன்றாக வாழவைக்கலாம்.

உங்கள் பூனையை இந்த ஆண்டே ஒரு முறை காட்டிவிடுங்கள். பத்து வயதானதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

கூடையைப் பரணில் வைக்காதீர்கள். கதவைத் திறந்து, அது படுத்துறங்கும் துணியை உள்ளே விரித்து, வீட்டு மூலையில் அப்படியே விட்டுவையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கச் சில வாரங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள். மேல்மூடி கழலும் கூடையாக இருந்தால் மிகவும் நல்லது. பூனையை வெளியே இழுக்காமல், மூடியை மட்டும் எடுத்துவிட்டு, அது உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடுவேன்.

கேள்வி: நாய் என்றால் வாய் நாறத்தானே செய்யும்?
– ஒரு வாசகர்

பதில்: இல்லை. பெரும்பாலான நாய்களுக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஈறு நோய் தொடங்கிவிடுகிறது. நாற்றம் அதிலிருந்து வருவதுதான். உதட்டை மெல்லத் தூக்கிக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். பழுப்பாகக் காரை படிந்து, ஈற்றோரம் சிவந்திருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், அழைத்து வாருங்கள்.